காற்றுக்கும் பக்கம் உண்டு: சிறு பாய்ப்படகுக் கையேட்டைத் தமிழாக்குவதில் சொல்தேர்வுச் சிக்கல்கள்

1. முன்னுரை

ஒருவரே அமர்ந்து செலுத்தும் சிறு பாய்ப்படகை எவ்வாறு பூட்டுவது, பேணுவது, பந்தயத்தில் ஓட்டுவது என்பனவற்றை விளக்கும் பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழ் வரைவு, சில காலத்திற்கு முன் மொழித்திருத்தத்திற்காக இக்கட்டுரையாளரிடம் வந்தது. வரைவில் சந்திப்பிழைகள் மிகச் சிலவே இருந்தன. வாக்கியங்களும் நேராகவே அமைந்திருந்தன. ஆயினும், படகு ஒருபுறம் சாய்ந்து கவிழும் நிலையில் ஓட்டுபவர் உடனே செய்ய வேண்டியது யாது என்று கூறும் இடத்தில், 'விரிப்பை விட்டுவிடுக' என்னும் தொடர் காணப்பட்டது. மூலத்தில் இருந்த சொல் 'ஷீட்'. பாய்ப்படகில் ஷீட் எனப்படுவது துணியன்று. பாயை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கேற்ப வைத்திருக்க உதவும் கயிறு. அதனைக் கைவிட்டால் பாய் காற்றை இழக்கும், படகு நிமிரும். படகில் விரிப்பு என்று ஒரு பொருளே இல்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதனைத் தேடிக் கொண்டிருக்கும் நேரத்தில் படகு கவிழ்ந்துவிடும்.

இப்பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. படிப்பவர் எவரும் ஐயுற்றுக் கேட்பர். ஆனால், அதே வரைவில் ஐயத்திற்கே இடமின்றிப் பொருள் மாறிய இடங்கள் சிலவும் இருந்தன. தமிழில் நன்கு வழங்கும் சொற்களே அங்கு ஆளப்பட்டிருந்தன. ஆனால் அவை வேறொரு திசையமைப்பைச் சேர்ந்த சொற்கள். இவ்வகைப் பிழையே இக்கட்டுரையின் முதன்மையான ஆய்வுப்பொருள். பாய்ப்படகுத் துறையின் இன்றியமையாச் சொற்கள் பல, பொருள்களின் பெயர்களாக அல்லாமல் காற்றை மையமாகக் கொண்ட உறவுகளின் பெயர்களாக உள்ளன என்பதும், அவ்வுறவுகளைக் காணாமல் சொல்லுக்குச் சொல் நிகர் தேடுவதே பிழைக்குக் காரணம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

2. படகும் அதனைப் பூட்டுதலும்

ஆங்கிலத்தில் இவ்வகைப் படகைக் குறிக்கும் 'டிங்கி' என்னும் சொல் இந்தி, வங்காள மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. ஆற்றில் ஓடும் சிறு படகைக் குறித்த அச்சொல் இன்று விளையாட்டுப் படகின் பெயராக நம்மிடமே திரும்பி வந்துள்ளது. தமிழில் 'சிறு பாய்ப்படகு' என்று வழங்குவதில் இடர்ப்பாடு எதுவும் இல்லை.

விளக்கத்தின் தெளிவு கருதி, இங்கு ஒரே படகினம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. புரூஸ் கிர்பி வடிவமைத்து, 1970களின் தொடக்கம் முதல் உற்பத்தி செய்யப்பட்டுவரும் லேசர் என்னும் படகே அது. 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்னும் பெயரால் வழங்குகிறது. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், ஒரே பாய், ஒரே ஆள். பாயின் பரப்பு மட்டும் ஓட்டுபவரின் எடைக்கேற்ப 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூவகைப்படும். 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளிலும், 2008 முதல் அவற்றின் மகளிர் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாகிய சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் செலுத்தியதும் இவ்வினப் படகே.

'ரிக்கிங்' என்னும் சொல்லுக்கு நிகராக 'பூட்டுதல்' என்பதை இக்கட்டுரை ஆள்கிறது. ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் என்பனவற்றில் உள்ளதுபோல், தனித்தனியே கிடக்கும் உறுப்புகளை இணைத்து இயக்கத்திற்கு ஆயத்தமாக்குதல் என்னும் பொருளை அது தருகிறது. 'பொருத்துதல்' என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலைக் குறிக்கும்; பூட்டுதலோ நாள்தோறும் செய்து நாள்தோறும் அவிழ்ப்பது.

லேசர் படகைப் பூட்டும் முறை வருமாறு: பாய்மரம் இரு துண்டுகளால் ஆனது. மேல்துண்டைக் கீழ்த்துண்டில் செருகிய பின், பாயின் முன்னோரத்தில் உறைபோல் தைக்கப்பட்டுள்ள பகுதியைப் பாய்மரத்தின் மீது மாட்ட வேண்டும். பாயின் பின்னோரத்தில் உள்ள பைகளில் மெல்லிய சலாகைகளைச் செருக வேண்டும். படகின் அணியம் காற்று வரும் திசையை நோக்கியிருக்குமாறு வைத்து, பாய்மரத்தை அதன் குழியில் நிறுத்த வேண்டும். அவ்வாறு வைத்தால், பாய் காற்றைப் பிடிக்காமல் கொடிபோல் படபடத்துக்கொண்டிருக்கும். பின்னர்ப் பாயின் அடியில் கிடையாக நீளும் மரத்தைப் பாய்மரத்துடன் இணைத்து, பாயின் பின்மூலையை அம்மரத்தின் முனையை நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். இறுதியாகத் தாமான் கயிற்றைக் கப்பிகளின் வழியே கோத்து, அதன் முனையில் கயிறு நழுவாதவாறு முடிச்சிட வேண்டும். சுக்கானும், நடுவே நீரில் இறக்கும் செருகுபலகையும் படகு நீரில் இறங்கும்போது பொருத்தப்படுவன. படகு பக்கவாட்டில் நழுவாமல் முன்னோக்கிச் செல்லச் செருகுபலகையே காரணம்.

மேலே ஆளப்பட்ட சொற்களுள் அணியம், சுக்கான், தாமான் ஆகிய மூன்றும் இக்கட்டுரைக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. பாய்த்தோணி ஓட்டியோரின் வழக்கில் இருந்தவை. படகின் முன்பகுதி அணியம். திசைதிருப்பும் பலகை சுக்கான். இது அரபு மொழிச் சொல். பாயின் கீழ்மூலையைக் கட்டுப்படுத்தும் கயிறு தாமான். ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே இதன் மூலம். ஆங்கில ஷீட் என்பதும் பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலையைக் குறித்த சொல்லிலிருந்தே கயிற்றின் பெயராயிற்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிவழக்குகளும் துணியின் ஓரத்திலிருந்து அதனைப் பிடிக்கும் கயிற்றுக்குப் பெயர் கொண்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. 'விரிப்பு' என்று எழுதிய மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியிருந்த சொல், தமிழ்க் கடற்கரையில் ஆயத்தமாக இருந்தது.

பாயை ஏற்றும் கயிறாகிய ஆஞ்சான், பாயை விரித்துத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமல், அடிமரமாகிய ஏரா முதலியனவும் இவ்வகைச் சொற்களே. எனினும், சொல் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் பெய்தல் கூடாது. லேசர் படகில் பாய் மரத்தின் மீது உறையாக மாட்டப்படுவதால் அதற்கு ஆஞ்சான் இல்லை; பாயைக் கயிற்றால் ஏற்றும் இருவர் படகுகளுக்கே அச்சொல் தேவை. பருமல் என்பது தோணியில் பாயின் மேலோரத்தைத் தாங்குவது. லேசரில் உள்ளதோ கீழோரத்தில் அமைவது. ஆதலின் இதனை 'அடிப்பருமல்' என்று அடைகொடுத்து வழங்குதலே பொருந்தும்.

3. மூவகைத் திசையமைப்பு

படகில் அமர்ந்திருப்பவர் திசையைக் குறிக்க மூவகைச் சொற்கள் தேவைப்படுகின்றன.

(அ) படகைச் சார்ந்தவை: அணியம், பின்புறம், இடப்புறம், வலப்புறம். படகு எப்பக்கம் திரும்பினும் இவை படகோடு திரும்பும்.

(ஆ) நிலத்தைச் சார்ந்தவை: வடக்கு, தெற்கு முதலியன. படகு திரும்பினும் காற்று மாறினும் இவை மாறா.

(இ) காற்றைச் சார்ந்தவை: காற்று வந்து மோதும் பக்கம், அதற்கு எதிரான பக்கம். ஆங்கிலத்தில் முறையே வின்ட்வர்டு, லீவர்டு எனப்படும். காற்று மாறினால் இவையும் மாறும்.

தமிழில் முதலிரு வகைகளும் வளமானவை. குறிப்பாக, நிலத்தைச் சார்ந்த திசைச்சொற்களைச் சிற்றூர்ப் பேச்சாளர் வீட்டினுள் இருக்கும் பொருள்களைக் காட்டவும் பயன்படுத்துவதை, எரிக் பெடர்சன் 1990களில் தமிழகத்தில் நிகழ்த்திய களஆய்வுகள் எடுத்துக்காட்டின. நகரத்தார் இட வலச் சொற்களை மிகுதியாக ஆளும் இடங்களில், சிற்றூரார் வடக்கு தெற்கு என்பர். காற்றுகளின் பெயர்களும் இவ்வகையினவே. வாடை வடக்கிலிருந்தும், தென்றல் தெற்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கோடை மேற்கிலிருந்தும் வருவன. கடற்கரை வழக்கில் உள்ள கச்சான், சோழகம் என்பனவும் வரும் திசையால் பெயர் பெற்றவை. இப்பெயர்கள் எக்காற்று வீசுகிறது என்பதைச் சொல்லும். படகுக்கும் காற்றுக்கும் உள்ள உறவைச் சொல்லா.

மேற்குறித்த வரைவில் நேர்ந்த பெரும்பிழை இவ்விடத்தில்தான். ஆங்கிலத்தில் காற்று வரும் திசை 'மேல்' என்றும், போகும் திசை 'கீழ்' என்றும் உருவகமாகச் சொல்லப்படும். அதனைப் பின்பற்றி மொழிபெயர்ப்பாளர் 'மேல்காற்றுப் பக்கம்', 'கீழ்க்காற்றுப் பக்கம்' என எழுதியிருந்தார். ஆனால் தமிழில் மேல் என்பது உயரத்தை மட்டும் குறிப்பதன்று. மேற்குத் திசையையும் குறிக்கும். கீழ் என்பது கிழக்கையும் குறிக்கும். நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும் நாட்டின் மொழிவழக்கு இது. எனவே மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று என்றே கடற்கரையில் உள்ளவர் கொள்வர். 'முதலில் மேல்காற்றில் பயிற்சி செய்க' என்னும் அறிவுரை, 'காற்றை எதிர்த்து ஏறிச் செல்லப் பழகுக' என்னும் மூலக்கருத்தை இழந்து, 'மேற்குக் காற்று வீசும்போது கடலுக்குச் செல்க' என்று பொருள்படும். சோழமண்டலக் கரையில் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது; கைதேராதவரின் படகைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிச் செல்வது. தொடக்கநிலையினர் கட்டாயம் தவிர்க்க வேண்டிய காற்றையே அறிவுரை பரிந்துரைப்பதாக முடிந்தது. சொற்களில் ஒன்றுகூடப் பிறமொழிச் சொல் அன்று. இலக்கணப் பிழையும் இல்லை. பிழை திசையமைப்பில் உள்ளது.

திசைப்பெயரைக் கொண்டு சமாளிக்கவும் இயலாது. இக்கரையில் பல நாள்களில் காலையில் நிலக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் வீசும். காலையில் காற்று வரும் பக்கம் மேற்கு, பிற்பகலில் கிழக்கு. காற்றைச் சார்ந்த சொல் ஒன்றே இரு வேளைக்கும் பொருந்தும்.

அச்சொல் எது? 'லீ' என்பதன் பழம்பொருள் 'மறைவு, ஒதுங்குமிடம்' என்பதாகும். அதனைக் கருதி 'ஒதுக்குப்புறம்' எனலாமோ எனத் தோன்றும். ஆயின் அச்சொல் ஆளரவமற்ற இடம் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. பள்ளிப் புவியியலில் மலையின் இரு பக்கங்களைக் குறிக்கக் 'காற்று மோதும் பக்கம்', 'மழைமறைவுப் பகுதி' என்னும் தொடர்கள் பயின்றுவருகின்றன. அவற்றை ஒட்டிக் 'காற்றுப்பக்கம்', 'மறைவுப்பக்கம்' எனக் கொள்வது நன்று. கற்பவர் முன்பே அறிந்த ஓர் உறவை மலையிலிருந்து படகுக்கு மாற்றிக்கொள்வார். இரு சொற்களின் தொடக்க ஒலிகளும் வேறுவேறானவை என்பது மேலும் ஒரு பயன்.

காற்றுப்பக்கத்தின் முதன்மையை நம் படகோட்டிகள் நெடுங்காலமாக அறிவர். பாக் நீரிணைப் பகுதியின் வத்தை என்னும் பாய்ப்படகில் குறுக்காக நீண்ட பலகை ஒன்று உண்டு. காற்று மிகும்போது ஆட்கள் காற்றுப்பக்கம் நீண்டிருக்கும் பலகையில் ஏறி அமர்ந்து, படகு சாயாமல் எடைகொடுப்பர். லேசர் ஓட்டுபவர் தளத்தில் உள்ள பட்டையில் பாதங்களைக் கோத்து, உடலைப் படகுக்கு வெளியே சாய்ப்பதும் இதே செயல்தான். கையேடு இதனை வத்தையின் பலகையோடு ஒப்பிட்டு விளக்கியிருக்குமாயின், கடற்கரைச் சிறுவர்க்கு அரைப்பக்க விளக்கம் மிச்சமாகியிருக்கும்.

4. ஒரு சொல் பல பொருள்: 'டாக்'

மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் அலைக்கழிக்கும் ஆங்கிலச் சொல் 'டாக்'. பாய்ப்படகுத் துறைக்குள்ளேயே அதற்குக் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு.

(அ) பாயின் முன்பக்கக் கீழ்மூலை.
(ஆ) காற்று எப்புறத்திலிருந்து படகை அடைகிறது என்னும் நிலை.
(இ) அணியம் காற்றின் திசையைக் கடந்து மறுபுறம் செல்லுமாறு படகைத் திருப்புதல்.
(ஈ) அத்தகைய இரு திருப்பங்களுக்கு இடையே படகு செல்லும் சாய்வான ஓட்டம்.

இவை தற்செயலாக ஒலியொத்த சொற்கள் அல்ல. பாயின் மூலையைப் பிடித்துக் கட்டிய கயிற்றின் பெயர், அக்கயிறு இறுக்கப்பட்ட நிலைக்கும், பின்னர் அந்நிலையை மாற்றும் செயலுக்கும், செயல்களுக்கு இடைப்பட்ட ஓட்டத்திற்கும் ஆகுபெயராகப் பரவியது. ஆகுபெயரின் தடம் அம்மொழியாளருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே, 'ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல்' என்னும் கலைச்சொல்லாக்க விதியை இங்குக் கடைப்பிடித்தல் கூடாது. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதே விதியாதல் வேண்டும். முறையே 'முன்மூலை', 'வலக்காற்று அல்லது இடக்காற்று நிலை', 'திருப்பம்', 'கோணோட்டம்' என நான்கு சொற்கள் தேவைப்படும். வரைவில் ஓரிடத்தில் இச்சொல் 'ஆணி' என்று பெயர்க்கப்பட்டிருந்தது. அகராதியில் அப்பொருளும் உண்டு.

கோணோட்டம் ஏன் தேவை என்பதையும் கூறுதல் வேண்டும். எப்பாய்ப்படகும் காற்றுக்கு நேரெதிராகச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை பாய் படபடக்குமேயன்றி இழுக்காது. ஆகவே காற்றுப்பக்கம் உள்ள இடத்தை அடைய, ஒருமுறை வலக்காற்றிலும் ஒருமுறை இடக்காற்றிலும் மாறிமாறிச் சாய்வாகச் செல்ல வேண்டும். மலைப்பாதையின் வளைவுகள் போன்றது இவ்வோட்டம்.

5. ஏவற்சொற்களும் ஒலியமைப்பும்

படகைத் திருப்புவதில் இருவகை உண்டு. அணியம் காற்றைக் கடப்பது ஒன்று. படகின் பின்புறம் காற்றைக் கடப்பது மற்றொன்று. பின்னதை ஆங்கிலத்தில் 'ஜைப்' என்பர். முன்னதில் பாய் சற்று நேரம் தளர்ந்து படபடத்து மெல்ல மறுபுறம் செல்லும். பின்னதில் காற்று பாயின் பின்னிருந்து தாக்க, அடிப்பருமல் ஒரே வீச்சில் படகின் குறுக்கே பாயும். குனியாதவரின் தலையில் அடிக்கும். வரைவில் இவ்விரண்டும் 'திரும்புதல்' என்றே இருந்தன.

'முகந்திருப்பு', 'முதுகுதிருப்பு' என்னும் இணை முதலில் இக்கட்டுரையாளருக்குத் தோன்றியது. தாளில் அவை அழகாக உள்ளன, பொருளும் தெளிவு. ஆனால் காற்றிரைச்சலில் உரக்கக் கூவும்போது இரண்டும் ஒரே அசையில் தொடங்கி ஒரே ஒலிகளில் முடிகின்றன. ஏவற்சொற்கள் கண்ணால் படிக்கப்படுபவை அல்ல. ஆங்கிலக் கடல்வழக்கில் படகின் இடப்புறத்தைக் குறித்த 'லார்போர்டு' என்னும் சொல், வலப்புறத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்டு' என்பதோடு மயங்கியதால், 1844இல் பிரித்தானியக் கடற்படை அதனைக் கைவிட்டுப் 'போர்ட்' என்பதை ஏற்றமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஆதலின் முன்னதற்குத் 'திருப்பு', பின்னதற்கு 'வீச்சு' என முற்றிலும் வேறான ஒலிகளைக் கொண்ட சொற்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. வீச்சு என்னும் சொல் அடிப்பருமலின் செயலை நினைவூட்டிக் குனியச் செய்யும் பயனும் உடையது.

சுக்கானைப் பற்றிய ஏவல்களிலும் மயக்கம் உண்டு. சுக்கான்பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். அவ்வாறாயின் 'இடப்புறம்' என்னும் ஏவல் பிடியைக் குறிப்பதா, படகைக் குறிப்பதா? ஆங்கிலக் கப்பல்களில் நெடுங்காலம் அது பிடியையே குறித்தது. 1912இல் டைட்டானிக் கப்பலில் 'வலப்புறம்' என இடப்பட்ட ஏவலால் கப்பல் இடப்புறம் திரும்பியது அவ்வழக்கின்படியே. பிரித்தானியாவில் 1933இல்தான் அவ்வழக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கையேட்டில் இட வலச் சொற்களைத் தவிர்த்து, 'பிடியைப் பாயை நோக்கித் தள்ளுக', 'பிடியைப் பாயிலிருந்து விலக்கி இழுக்க' எனக் கண்ணால் காணும் பொருளைச் சுட்டுதல் நன்று. முன்னதில் அணியம் காற்றை நோக்கியும், பின்னதில் காற்றிலிருந்து விலகியும் திரும்பும். எந்நிலையில் அமர்ந்தவருக்கும் இது மயங்காது.

6. பேணுதல்: தமிழின் வளம்

படகைப் பேணுதல் பற்றிய பகுதியில் நிலைமை வேறு. இங்குத் தமிழ் மூலத்தைக் காட்டிலும் நுட்பமாகச் சொல்ல வல்லது. உப்புநீரில் ஓடிய படகையும் கயிறுகளையும் கப்பிகளையும் நன்னீரால் அலச வேண்டும். தேய்த்துக் கழுவுதல் வேறு, அலசுதல் வேறு. படகினுள் கசிந்த நீரை அடைப்பானைத் திறந்து வடிக்க வேண்டும். கொட்டுதல் வேறு, வடித்தல் வேறு. பாயை உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும்; மடித்தால் மடிப்புத்தடம் விழுந்து பாயின் வளைவு கெடும்.

கயிற்றின் கேட்டைக் குறிக்க மூலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. தமிழில் அது நிலைநிலையாகப் பிரியும். உராய்வால் மேற்புரி பஞ்சுபோலாவது நைதல்; முறுக்கு விட்டு இழைகள் அகலுவது பிரிதல்; வெயிலால் வலுவிழந்து தொட்டாலே அறுவது இற்றுப்போதல். முதல் நிலையில் கயிற்றைத் தலைமாற்றிப் பயன்படுத்தலாம். இரண்டாம் நிலையில் மாற்ற வேண்டும். மூன்றாம் நிலையில் அது கயிறே அன்று. அவ்வாறே, இழுக்க இழுக்க இறுகுவது சுருக்கு. இறுகாமல் நிற்பது கண்ணி. பாயின் மூலையில் இடவேண்டியது இறுகாத கண்ணி. அதனைச் 'சுருக்கு' என்று எழுதினால் கயிற்றைப் பிறகு அவிழ்க்க இயலாது.

பாய்மரக் குழியில் நீரை நிரப்பிச் சற்று நேரம் கழித்து மட்டம் குறைகிறதா என்று பார்க்கும் சோதனையையும் கையேடுகள் வலியுறுத்தும். மட்டம் குறைந்தால் குழியின் அடி விரிசல் கண்டுள்ளது என்பது பொருள். அவ்விரிசலோடு படகைக் கடலில் இறக்கினால், நீர் உள்ளே புகுவதுடன் பாய்மரமே குழியைப் பெயர்த்துக்கொண்டு விழவும் கூடும்.

பாயைச் சரியாக வைக்கும் முறையை ஆங்கிலக் கையேடு ஒரு பத்தியில் விளக்கியிருந்தது. தமிழில் இரட்டைக்கிளவியின் துணையால் ஒரே வரியில் கூறலாம்: 'பாய் படபடக்கும் வரை தாமானைத் தளர்த்துக, படபடப்பு நிற்கும் வரை இழுக்க.' ஒலியும் அசைவும் ஒருங்கே அச்சொல்லில் உள்ளன.

7. பந்தய விதிகள்

உலகப் பாய்ப்படகுப் பந்தய விதிகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடப்படுகின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது 2025–2028க்கு உரிய பதிப்பு. வரையறுக்கப்பட்ட பொருளில் ஆளப்படும் சொற்கள் அதில் சாய்வெழுத்தில் அச்சிடப்படும். மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரும் உதவி. சாய்வெழுத்துச் சொல்லுக்கு எங்கும் ஒரே நிகரையே ஆள வேண்டும். பிறவற்றிற்கு நடைக்கேற்ற உரிமை உண்டு.

புறப்பாட்டிற்கு 5, 4, 1 நிமிடங்களுக்கு முன்னரும் புறப்படும் நொடியிலும் அடையாளங்கள் தரப்படும். படகுகள் காற்றுப்பக்கக் குறியை நோக்கி ஏறி, அதனைச் சுற்றி, மறைவுப்பக்கக் குறிக்கு இறங்குவது வழக்கமான பந்தயப் பாதை. படகுகள் எதிர்ப்படும்போது பின்பற்ற வேண்டிய அடிப்படை விதிகள் மூன்றை இவ்வாறு தமிழாக்கலாம்:

(அ) இடக்காற்றில் செல்லும் படகு, வலக்காற்றில் செல்லும் படகுக்கு விலகிச் செல்லுதல் வேண்டும்.
(ஆ) ஒரே காற்றுநிலையில் ஒன்றையொன்று மேவிச் செல்லும் படகுகளுள், காற்றுப்பக்கம் உள்ளது மறைவுப்பக்கம் உள்ளதற்கு விலகிச் செல்லுதல் வேண்டும்.
(இ) ஒரே காற்றுநிலையில் மேவாமல் செல்லும்போது, பின்வரும் படகு முன்செல்லும் படகுக்கு விலகிச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாம் விதியில் 'மேல்காற்றுப் படகு' என்று எழுதினால், காற்று எங்கிருந்து வீசினும் மேற்கே உள்ள படகே விலக வேண்டும் என்றாகிவிடும். கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும் பிற்பகலில் அது விதிக்கு நேர்மாறானது. இரு படகுகளும் மோதுவதற்கு வழிசெய்வது.

'வேண்டும்', '-லாம்' என்னும் துணைவினைகளிலும் விழிப்பு தேவை. கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லையும் இசைவைக் குறிக்கும் சொற்களையும் விதிநூல் தன் முகப்பிலேயே வரையறுக்கிறது. தமிழில் '-லாம்' இசைவை மட்டுமன்றிக் கருத்துரையையும் இயல்திறத்தையும் குறிக்கும். 'வேண்டும்' தேவையையும் விருப்பத்தையும் குறிக்கும். ஆகவே கட்டாயத்திற்குத் தொழிற்பெயரோடு கூடிய '-தல் வேண்டும்' என்னும் சட்டத்தமிழ் அமைப்பையே எங்கும் ஆளுதல் நன்று. வழியுரிமை என்பதும் விதிநூலில் பிற படகின் கடமையாலேயே வரையறுக்கப்படுகிறது: ஒரு படகுக்கு மற்றொன்று விலக வேண்டியிருக்கும்போது முன்னதற்கு வழியுரிமை உண்டு. எனவே மொழிபெயர்ப்பில் உரிமையைவிடக் கடமைச் சொல்லே திண்ணமாக இருத்தல் வேண்டும்.

குறியைத் தொட்ட படகு, ஒரு திருப்பமும் ஒரு வீச்சும் அடங்கிய ஒரு சுற்றுச் சுற்றித் தன் பிழையை நேர்செய்தல் வேண்டும். இரண்டையும் 'திரும்புதல்' என்றே பெயர்த்தால் இவ்விதியை எழுதவே இயலாது. முன்பகுதியில் செய்த வேறுபாடு இங்கு இன்றியமையாததாகிறது.

இங்குப் பரிந்துரைக்கப்பட்ட சொற்களுக்கும் எல்லை உண்டு. காற்று நேர் பின்னிருந்து வரும்போது அது வலத்திலிருந்தும் வருவதில்லை, இடத்திலிருந்தும் வருவதில்லை. அந்நிலையில் பாய் எப்பக்கம் உள்ளதோ அதுவே மறைவுப்பக்கம் என விதி கொள்கிறது. 'வலக்காற்று' என்பதன் நேர்ப்பொருள் அங்குப் பொருந்தாது. ஆதலின் சொல்லின் வெளிப்படைப் பொருளை நம்பி வரையறையை விட்டுவிடுதல் கூடாது.

மற்றொன்று: பந்தயத்தில் வலக்காற்றில் வரும் ஓட்டுநர் எதிர்ப்படுபவரை எச்சரிக்க 'ஸ்டார்போர்டு' என்று கூவுவார். அதனைத் தமிழாக்குதல் தகாது. கேட்பவர் எந்நாட்டவராகவும் இருக்கலாம். விளக்கம் தமிழிலும், கூவும் சொல் பன்னாட்டு வழக்கிலும் அமைதலே தக்கது. அதேபோல், தமிழ்க் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற 'கேட்டமரான்' இன்று இரட்டையுடல் படகைக் குறிக்கிறது. அதனைக் கட்டுமரம் என்றே திருப்பி எழுதினால் சொல் வீடு திரும்பும், பொருள் திரும்பாது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன: முதலாவது, சொல்லுக்கு நிகர் தேடுமுன் அச்சொல் எத்திசையமைப்பைச் சேர்ந்தது என அறிதல் வேண்டும். இரண்டாவது, ஒரு மூலச்சொல்லை அதன் கருத்துகள் அளவிற்குப் பிரித்தல் வேண்டும். மூன்றாவது, கூவப்படும் சொல்லைக் கூவிப்பார்த்தே தேர்தல் வேண்டும். நான்காவது, கடற்கரை வழக்கை முதலில் நாடி, அங்கு இல்லாதவற்றிற்கே புதுச்சொல் படைத்தல் வேண்டும்.

இறுதியாகக் கூறியது காலத்தோடு தொடர்புடையது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கப்பல்துறைச் சொற்களுக்கும் இடமளித்தது. ஆயினும் அகராதி பொருளைச் சொல்லுமேயன்றி, அச்சொல் எக்காற்றில், எவரால், எவ்வாறு கூவப்பட்டது என்பதைச் சொல்லாது. எந்திரப் படகுகள் பரவிய பின் பாய் கட்டி ஓடியவர்கள் முதியோராகிவிட்டனர். தாமானும் ஆஞ்சானும் அவர்தம் கைப்பழக்கத்தோடு பிணைந்த சொற்கள். கையேட்டின் வரைவைத் திருத்துவதற்கு அகராதிகளைவிட அவர்களுள் ஒருவரோடு கரையில் அமர்ந்து பேசும் ஒரு பிற்பகல் மிகுதியாக உதவும். பாய்ப்படகு இன்று புதிய விளையாட்டாக நம் சிறுவரிடம் வந்திருக்கிறது. அதன் சொற்களைக் கேட்டுப் பதிவதற்கு வாய்த்துள்ள காலம் நீண்டதன்று.